வில்லியம் பைரனின் முதல் அஞ்சு வருஷம்: எந்த வண்டி என்ன கத்துக்கொடுத்தது?

இடதுவளைவு:
அமெரிக்காவின் ஸ்டாக் கார் ரேஸான நாஸ்காரில் டிரைவர்கள் நிறையப் பேர் சின்ன வயசிலேயே கோ-கார்ட்டில் உட்கார்ந்தவர்கள். பைரன் வந்த வழி வேற. 1997-ல் பிறந்தவர். ஐரேசிங் என்ற கம்ப்யூட்டர் ரேஸ் சிமுலேட்டரில் நூற்றுக்கு மேல் ரேஸ் ஜெயிச்சுட்டு, 15 வயசில்தான் நிஜ வண்டிக்கு வந்தார். 2013-ல் லெஜண்ட்ஸ் வண்டியில் ஒரே சீசனில் 33 வெற்றி. 2018-ல் நாஸ்காரின் உச்சப் பிரிவான கப்பில் ஹெண்ட்ரிக் அணியின் 24-ம் எண் கார், அதாவது பழைய நட்சத்திரம் ஜெஃப் கார்டன் ஓட்டின எண். நடுவில் ஏறின ஒவ்வொரு வண்டியிலும் டிரைவர் என்ன கத்துக்கணும்? டெக்னிக்கலா தெரிஞ்சவங்க எழுதுங்க. "திறமைசாலி", "பணக்கார வீட்டுப் பையன்" சண்டை இங்கே வேண்டாம்.

ஸ்பேனர்13:
லெஜண்ட்ஸில் இருந்து ஆரம்பிக்கலாம். 1930, 40-களின் கார் உருவத்தை 5/8 அளவுக்குச் சுருக்கின வண்டி. யமஹா பைக் எஞ்சின், 120 குதிரைத்திறனுக்கு மேல். டிரைவரோடு சேர்த்து 600 கிலோவைத் தொடாது. வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி, 1.85 மீட்டர்தான். இவ்வளவு குட்டை வண்டி வால் வீச ஆரம்பிச்சா, திருத்த நேரமே கிடைக்காது. டயரும் 13 அங்குல ரேடியல், பெருசா பிடிக்காது.

முக்கியமான விஷயம் பின் அச்சு. சாதாரணக் காரில் ரெண்டு பக்கச் சக்கரத்தையும் வேறவேற வேகத்தில் சுத்தவிடும் டிஃபரன்ஷியல் இதில் பூட்டியிருக்கும், ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுத்தும். ஆனா ஓவல் டிராக்கில் எல்லா வளைவும் இடது பக்கம்தான், அப்படித் திரும்பும்போது வலது சக்கரம் அதிக தூரம் போகணும். அதுக்குத்தான் ஸ்டாக்கர்: வலது பின் டயரின் சுற்றளவை இடதைவிடக் கொஞ்சம் பெருசா வைக்கிறது.

கணக்கு சுலபம். ரெண்டு பின் டயரின் நடுவுக்கு நடு தூரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்து, டயர் சுற்றளவால் பெருக்கணும். உதாரணத்துக்கு 1.1 மீட்டர், 40 மீட்டர், 1.8 மீட்டர்னு வெச்சுக்கோங்க. கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் வரும்.

மணிவண்ணன்_கே:
ஸ்பேனர் அண்ணா, ஒரே சைஸ் ரேடியலில் 5 சென்டிமீட்டர் வித்தியாசம் எப்படிக் கிடைக்கும்? குறுக்கு நூல் அடுக்கின பழைய பயாஸ் டயர்னா காத்தடிச்சு ஊத வைக்கலாம். ரேடியலுக்குள்ளே பெல்ட் இருக்கே, அது விடாதே.

ஸ்பேனர்13:
கிடைக்காது தம்பி, அதுதான் விஷயமே. புது டயரிலேயே சுற்றளவு மில்லிமீட்டர் கணக்கில் முன்னப்பின்ன இருக்கும். ரேஸ் பிரஷருக்குக் காத்தடிச்சு, கொஞ்ச நேரம் நிக்கவிட்டு, தரையில் படும் பகுதியான டிரெட்டின் நடுவில் டேப்பைச் சுத்தி அளந்து சாக்பீஸால் டயர் மேலேயே எழுதிடணும். பெருசு வலப்பக்கம், சிறுசு இடப்பக்கம். அப்படிப் பொறுக்கியும் கணக்கில் வர்ற அளவு வராது.

மிச்சத்தை டயர் தரையில் உரசி வழுக்கித்தான் ஈடு கட்டும். வளைவின் நடுவில் பின் அச்சு வண்டியை நேரா தள்ளும், மூக்கு சுவரைப் பார்த்துப் போகும். இதுக்குப் பேர் டைட். டிரைவர் பொறுமையில்லாம ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிச்சா முன் டயர் சூடாகி நிலைமை மோசமாகும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டு எடையை முன்னால் கொண்டுவந்து மூக்கைத் திருப்பணும், அப்புறம் மெதுவா மிதிக்கணும். சட்டுனு மிதிச்சா பின்பக்கம் வழுக்கும், அது லூஸ். ஒரே வளைவில் ரெண்டும் நடக்கும். சார்லட் ஸ்பீட்வேயின் கால் மைல் டிராக்கில் இதைச் சுற்றுக்கு ரெண்டு தடவை செய்யணும். காலால் வண்டியைத் திருப்பக் கத்துக்கொடுக்க இதைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது.

சிமுலேட்டரில் டிராக்கை லேசரில் அளந்துதான் வரைஞ்சிருக்காங்க. அதனால் எங்கே பிரேக் பிடிக்கணும், எந்த லைனில் போகணும் என்பதெல்லாம் பைரனுக்கு ஏற்கெனவே அத்துப்படியா இருந்திருக்கும். பின்பக்கம் வழுக்குறதை உட்கார்ந்த இடத்தில் உணர்றது மட்டும் அதில் வராது. அங்கே கண்ணும் ஸ்டீயரிங்கின் கனமும்தான் துணை.

கிராஸ்வெயிட்:
2014-ல் ஜேஆர் மோட்டார்ஸ்போர்ட்ஸ் அணியின் லேட் மாடல், அதாவது உள்ளூர் டிராக்குகளில் ஓடும் ஸ்டாக் கார், ஹிக்கரி டிராக். 2015-ல் எச்ஸ்காட் அணியில் நாஸ்காரின் வட்டாரப் பிரிவான கே அண்ட் என் ஈஸ்ட், சாம்பியன். இந்தக் கட்டத்தில் டிரைவர் கத்துக்க வேண்டியது பேச்சு. "வண்டி சரியில்லை"ன்னு ரேடியோவில் சொன்னா அணியை நடத்துற க்ரூ சீஃப் என்ன பண்ணுவார்? நுழையும்போதா, நடுவிலா, வெளியே வரும்போதா? டைட்டா, லூஸா? புது டயரிலா, 30 சுற்றுக்கு அப்புறமா? இதைச் சொன்னால்தான் வெட்ஜ், அதாவது கிராஸ் வெயிட், மாத்த முடியும்.

வலது முன், இடது பின், இந்த ரெண்டு சக்கரத்தின் மேல் விழும் எடையைக் கூட்டி மொத்த எடையால் வகுத்தா கிராஸ் வெயிட். அது ஏறினா வண்டி டைட் பக்கம் போகும், இறங்கினா லூஸ் பக்கம். ரேஸ் நடுவில் டயர் மாத்த நிக்கிற பிட்டில் பின் கண்ணாடி ஓட்டை வழியா நீளமான ராட்செட்டை விட்டுத் திருகுறாங்களே, அது இதுக்குத்தான். இடது பின் ஸ்பிரிங்கை அழுத்தித் திருகினா கிராஸ் ஏறும். வலது பின்னை அழுத்தினா இறங்கும். எந்தப் பக்கம்னு மாத்திக் குழப்பிட்டா ரேஸ் போச்சு.

ராத்திரிரேஸ்:
2016-ல் ஓட்டின, நாஸ்காரின் மூணாவது நிலையான டிரக் சீரிஸை விட்டுட்டீங்களே. கைல் புஷ் அணியில் 7 வெற்றி, புதுமுக வருஷத்திலேயே. பெரிய டிராக்குக்கு 18 வயசு ஆகியிருக்கணும்னு அப்போ விதி. அவருக்கு 2015 நவம்பரிலேயே ஆயிட்டதால் எந்த டிராக்கையும் தவறவிட வேண்டியிருக்கலை.

ஆனா பட்டம் கிடைக்கலை. ஃபீனிக்ஸில் முன்னணியில் இருக்கும்போது, 10 சுற்று மிச்சம் இருக்க எஞ்சின் வெடிச்சது. கடைசி ரேஸில் பட்டத்துக்குப் போட்டி போடும் நாலு பேரில் இடம் போச்சு. அடுத்த வாரம் ஹோம்ஸ்டெட் ரேஸை ஜெயிச்சார், இருந்தும் பட்டம் ஜானி சாட்டருக்குப் போச்சு. 2017-ல் கப்புக்கு அடுத்த நிலையான எக்ஸ்ஃபினிட்டியில் நேர் எதிர்: கடைசி ரேஸை கோல் கஸ்டர் ஜெயிச்சார், ஆனா பட்டப் போட்டியில் இருந்த நாலு பேரில் முன்னால் வந்ததால் பைரன் சாம்பியன். அப்போ இருந்த இந்த ப்ளேஆஃப் முறை நியாயமான்னு கேட்டா என் பதில் இல்லைதான்.

மணிவண்ணன்_கே:
கப் ரேஸில் முதல் வெற்றிக்கு 2020 ஆகஸ்ட் டேடோனா வரைக்கும் ஆச்சே, ஏன்? சிறந்த புதுமுகம் விருது மட்டும் 2018-லேயே வந்துடுச்சு.

கிராஸ்வெயிட்:
ஒரே காரணம்னு சொல்ல முடியாது. புதுசா வர்றவங்க எல்லாரும் இடம் இழக்கிற ஒரு இடத்தை மட்டும் சொல்றேன்: பிட் ரோடு. காரில் ஸ்பீடோமீட்டர் கிடையாது. எந்த கியரில் எத்தனை ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எஞ்சின் சுத்துற எண்ணிக்கை) வந்தா பிட் வேக வரம்பு என்பதை அணி முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கொடுக்கும். ரேஸ் தொடங்கறதுக்கு முன்னால், எல்லாருக்கும் முன்னே போகும் பேஸ் கார் அதே வேகத்தில் ஓடும். அப்போ ஆர்பிஎம் காட்டுற டாக்கோமீட்டரை ஒருதரம் சரிபார்த்துக்கணும். வரம்புக்கு மேல் மணிக்கு 5 மைல் வரை சலுகை, எல்லாரும் அந்த விளிம்பில்தான் ஓட்டுவாங்க.

வேகத்தை ரேடார் அளக்கலை. பிட் ரோட்டைத் துண்டு துண்டா பிரிச்சு, ஒரு கோட்டில் இருந்து அடுத்த கோட்டுக்கு ஆன நேரத்தை வெச்சு சராசரி எடுக்கிறாங்க. அதனால் எந்தத் துண்டில் உங்க பிட் இடம் இருக்கோ, அங்கே நின்ன நேரமும் சராசரியில் சேரும். அந்தத் துண்டுக்குள்ளே மட்டும் வேகமா வந்து நிக்கலாம், வேகமா கிளம்பலாம். அடுத்த கோடு வர்றதுக்குள்ளே ஆர்பிஎம்மை இறக்கிடணும். கோட்டைத் தாண்டின பிறகும் இறக்காம விட்டா, பச்சைக் கொடியில் ரேஸ் ஓடிக்கிட்டிருந்தா, தண்டனையா பிட் ரோடு வழியா இன்னொருதரம் போய் வரணும், சின்ன டிராக்னா ஒரு சுற்றுக்கு மேலேயே பின்தங்கிடுவீங்க.