லீட் ஏபி தேர்வு: ஆற்றல் பகுதிக்கு வழி தேவை

வணக்கம். கோவையில் கட்டுமானப் பொறியாளராகப் பணிபுரியும் நான், லீட் என்னும் பசுமைக் கட்டடச் சான்றிதழ் முறையில் கிரீன் அசோசியேட் என்ற தொடக்கத் தகுதி பெற்றபின், அடுத்த நிலையான லீட் ஏபி பிடி பிளஸ் சி (கட்டட வடிவமைப்பு, கட்டுமானம்) தேர்வில் தேர்ச்சிக்குரிய 170 மதிப்பெண்ணை எட்ட முடியாமல் நிற்கிறேன். நீர், மனை, பொருள்கள் ஆகிய பகுதிகளில் சிக்கலில்லை. ஆற்றல் பகுதிதான் ஒவ்வொரு முறையும் காலை வாருகிறது. கட்டட ஆற்றல் சிக்கனத்துக்கான அமெரிக்கத் தரநிலையான ஆஷ்ரே 90.1-இன் பின்னிணைப்பு ஜி கூறும் அடிப்படைக் கட்டட மாதிரியை (நம் வடிவமைப்பை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கணினி மாதிரி) நான்கு திசைகளுக்குத் திருப்பிச் சராசரி எடுப்பது வரை புரிகிறது. சுவர், கண்ணாடி, குளிர்சாதன அமைப்பு ஆகியவற்றுக்கு எந்த மதிப்பைக் கொள்வது என்பதில்தான் குழப்பம்.

வழிகாட்டி நூலைப் படித்தேன், மாதிரித் தேர்வுகள் எழுதினேன், இணையவழி வகுப்பிலும் சேர்ந்தேன். அங்கே விடையைச் சொன்னார்களே தவிர, கணக்கைச் செய்து காட்டவில்லை. பணியிடத்தில் இந்தியாவின் கட்டட ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பான ஈசிபிசி 2017 மட்டுமே புழங்குவதால் கேட்க ஆளில்லை. அடுத்த தேர்வு மார்ச்சில்.

இந்த அடிப்படை மாதிரியை ஒரு முழுக் கட்டடத்துக்குப் படிப்படியாகச் செய்து பழக நீங்கள் பயன்படுத்திய பயிற்சி எது?