'தண்ணீர்' என்று தலைப்பு, கதை முழுக்கப் பல். இது தலைப்பை விட்டு விலகினதா?

தகடூரான்:
போன மாசம் எங்க பக்கத்துல ஒரு சிறுகதைப் போட்டி. கொடுத்த தலைப்பு 'தண்ணீர்'. என் கதை முதல் சுற்றுலயே திரும்பி வந்துடுச்சு. "தலைப்புக்குப் பொருந்தவில்லை"ன்னு ஒரே வரி.

கதை இதுதான். தர்மபுரி மாவட்டத்துல பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப அக்காவை போட்டோ எடுக்கக் கூட்டிட்டுப் போறாங்க. ஸ்டுடியோக்காரர் "கொஞ்சம் சிரிம்மா"ங்கிறார். உதட்டைத் திறக்காம சிரிக்கிறா. மறுபடியும் கேக்கிறார். கை தானா துப்பட்டா நுனியை வாய்க்குக் கொண்டுபோகுது. முன்பல் ரெண்டுலயும் காவி நிறத்துல குறுக்குக் கோடு. பக்கத்துல நிக்கிற தங்கச்சி பளிச்சுன்னு சிரிக்கிறா. ஒரே வயித்துல பிறந்தவங்க, ஒரே அடுப்புச் சோறு, ஒரே பல்பொடி. அக்காவுக்கு 24, தங்கச்சிக்கு 12. அக்கா குடிச்சு வளர்ந்தது போர்வெல் தண்ணி, தங்கச்சி குழாயில வர்ற ஒகேனக்கல் காவிரித் தண்ணி.

'தண்ணீர்'ங்கிற சொல்லைக் கதையில எங்கயும் வைக்கல. வேணும்னேதான் வைக்கல. இது தப்பா?

காவேரிப்பட்டினம் வாத்தியார்:
தம்பி, வருத்தம் புரியுது. ஆனா நடுவர் பக்கமும் கொஞ்சம் பாருங்க. 20 வருஷமா பள்ளிக்கூட, கல்லூரிப் போட்டிக் கதைகளைப் படிச்சிட்டு வர்றேன். 'மழை'ன்னு கொடுத்தா, எப்பவோ எழுதி வச்ச காதல் கதை வரும். கடைசி வரியில மட்டும் "வெளியே மழை பெய்துகொண்டிருந்தது". மறு வருஷம் 'பயணம்'னு கொடுத்தோம். அதே பையன், அதே கதை, கடைசி வரியில பஸ் கிளம்புது. அதே வகுப்புல ஒரு பொண்ணு ராத்திரி முழுக்க உக்காந்து அந்தத் தலைப்புக்காகவே புதுசா எழுதியிருந்தா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது? தலைப்பு கொடுக்கிறதே எல்லாரும் ஒரே இடத்துல இருந்து கிளம்பணும்னுதான். அதை அவங்கவங்க இஷ்டத்துக்கு இழுத்துக்கிட்டா போட்டி எதுக்கு?

பென்னாகரம் வாசகி:
வாத்தியாரய்யா, அந்தப் பையன் கதையில மழையை எடுத்துட்டாலும் காதல் அப்படியே நிக்கும். தகடூரான் தம்பி கதையில தண்ணியை எடுத்துட்டுப் பாருங்க. ஒரே வீட்டுல ரெண்டு பொண்ணுங்க பல்லு ஏன் ரெண்டு விதமா இருக்குன்னு சொல்லவே முடியாது. கதையே இல்லாம போயிடும். ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிறது நியாயமில்ல.

இன்னொண்ணு. இது நம்ம தகடூர்க் கதைதான், அதாவது இன்னிக்குத் தர்மபுரி. அதியமானுக்காக ஔவை தொண்டைமான்கிட்ட தூது போறாங்க. அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுறான். புறநானூறு 95-ல ஔவை என்ன சொல்றாங்க? உன் ஆயுதமெல்லாம் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி அரண்மனைக்குள்ள அழகா இருக்கு, எங்க கோமான் வேலெல்லாம் பகைவரைக் குத்தி நுனி உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னாங்க. அவன் கொடுத்த தலைப்பு ஆயுதம். அவங்க சொன்னது எங்ககிட்ட மோதாதேன்னு. போர்ங்கிற சொல்லே அந்தப் பாட்டுல கிடையாது. பொருந்தலைன்னு அவங்களைத் திருப்பி அனுப்புவீங்களா?

ஓசூர்க்காரன்:
நான் பிழைக்க வந்தவன், பூர்வீகம் நாகப்பட்டினம். இந்தக் கதை 10 வருஷத்துக்கு முன்னாடி என் கையில கிடைச்சிருந்தா, பல்லுல கறைன்னதும் வெத்தலை, புகையிலைன்னு நினைச்சிருப்பேன். தண்ணி ஞாபகமே வந்திருக்காது. நடுவர் வெளியூர்க்காரரா இருந்தா அவரைக் குறை சொல்ல முடியாதுங்க.

தகடூரான்:
ஓசூர்க்காரரே, நீங்க சொல்றதுதான் எனக்கு உறைக்குது. எங்களுக்கு இது தினப்படி விஷயம், அதனால எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன். இங்க பாறையில இருக்கிற ஃபுளோரைடு நிலத்தடி நீர்ல கரைஞ்சு வருது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு வரையறை. குழந்தைக்கு எட்டு வயசு வரைக்கும் ஈறுக்குள்ள நிலைப்பல் உருவாகிட்டு இருக்கும். அந்த வயசுல குடிச்சது பல்லுலயே பதிஞ்சுடும், தேய்ச்சா போகாது. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்குமான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல வந்துச்சு. தங்கச்சி அந்த வருஷம் பிறந்தவ.

ஆனா தடயமே வைக்காம விட்டுடல. கடைசிப் பக்கத்துல, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையோட அம்மா காபி டம்ளரை வச்சுட்டு, நகையைக் கேக்கல, படிப்பைக் கேக்கல. "உங்க ஊர்ல போர் எத்தனை அடி?"ன்னு கேக்கிறாங்க. வீடே அமைதியாயிடுது. இதை எழுதிட்டு நான் அரை மணி நேரம் எழுந்திரிக்கல. எங்க சித்தி வீட்டுல நான் காதால கேட்ட கேள்வி அது. அதுக்கு மேல விளக்கினா நடுவருக்குப் புரியும், ஆனா அந்த அக்காவை நான் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும்.

காவேரிப்பட்டினம் வாத்தியார்:
அந்தக் கேள்வி கதையில இருக்குன்னு நீங்க முதல்லயே சொல்லலையே தம்பி. அது இருந்தும் தள்ளினாங்கன்னா அவசரமாப் படிச்சிருக்காங்க. இதை மனசார ஒத்துக்கிறேன்.

ஆனா பென்னாகரத்தம்மா சொன்ன பாட்டை நான் என் பக்கத்துக்குத்தான் எடுத்துக்குவேன். அது எப்படித் தொடங்குது? "இவ்வே". இதோ இவைன்னு அவன் ஆயுதத்தைக் கைகாட்டித்தான் ஔவை வாயைத் திறக்கிறாங்க. முடியறதும் வேல்லதான். சொன்ன சேதி வேற, ஆனா கொட்டிலை விட்டு ஓர் அடி நகரல. தலைப்பைச் சுருட்டி மடிச்சுக் கட்டினாலும் அதோட ஒரு முனை வெளிய தெரியணும். உங்க கதையில அந்த முனை கடைசிப் பக்கத்துல வருது. நூறு கதை படிக்கிற நடுவர் அதுவரைக்கும் எதைப் பிடிச்சுக்கிட்டு வருவார்?

பென்னாகரம் வாசகி:
நூறு கதை இருந்தாலும் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிறதுதானே ஐயா நடுவர் வேலை? எழுதினவங்க அதை நம்பித்தானே அனுப்புறாங்க?

தகடூரான்:
வாத்தியாரய்யா, அந்தக் கேள்வியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர முடியாது, அங்க வந்தா செத்துடும். ஆனா ஸ்டுடியோவுக்குக் கிளம்புறப்ப வாசல்ல ரெண்டு குடம் இருக்கும். பழைய பித்தளைக் குடத்துக்கு உள்பக்கம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாப் படிஞ்சிருக்கும். தங்கச்சி புதுக் குடத்துல மொண்டு குடிச்சிட்டு ஓடுவா. அக்கா பழைய குடத்துக்குள்ள விரலை விட்டுச் சுரண்டிப் பார்ப்பா. இன்னிக்கு ராத்திரி இதை எழுதிப் பார்க்கிறேன். அந்தச் சொல்லை மட்டும் இப்பவும் வைக்கப் போறதில்ல.

காவேரிப்பட்டினம் வாத்தியார்:
எழுதினதும் எனக்கு அனுப்புங்க தம்பி. பென்சிலோட உக்காந்து படிக்கிறேன்.