மறு: ‘பரப்புப் புயல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

புரோட்காஸ்ட் ஸ்டோர்ம் (ஒரே செய்தியை எல்லோரும் திருப்பிப் பரப்பி அலைவரிசையே அடைபடுவது) என்பதற்குத் தமிழாகப் போன மடலில் வந்த ‘பரப்புப் புயல்’ பொதுவாகப் பார்த்தால் சரிதான். ஆனால் வாகனங்களுக்கிடையே எச்சரிக்கை பரப்பும் பாடத்தில் இடிக்கும். மழை, புயல், மண்சரிவு எல்லாம் அங்கே எச்சரிக்கைக்குள்ளேயே வருகிற சங்கதிகள். ‘பரப்புப் புயலால் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை’ என்று எழுதினால், மலையகத்து ஹட்டனில் படிக்கிற பிள்ளை புயலில் தொலைபேசிக் கோபுரம் சாய்ந்துவிட்டது என்றே நினைக்கும்.

இறம்பொடைப் பக்கம் ஒரு வளைவில் மண் சரிந்து கிடக்கிறது என்று வையுங்கள். முதலில் கண்ட லொறி 5.9 கிகாஹேர்ட்ஸில் செய்தி அனுப்புகிறது. கேட்ட பஸ், வேன், ஓட்டோ எல்லாம் உடனே அதையே திருப்பி அனுப்பினால் அலைகள் மோதி ஒன்றும் விளங்காது. வாகனங்கள் பேசிக்கொள்ளும் 802.11p என்ற வானலை முறையில், எல்லோருக்குமாகப் பரப்பும் செய்திக்குக் ‘கிடைத்தது’ என்ற பதில் வராது. மோதியது அனுப்பியவருக்கே தெரியாது! ஆக, திருப்பித் திருப்பிப் பரப்பியதால் வந்த நெரிசல் இது. என் பரிந்துரை: மறுபரப்பு நெரிசல். வாகன நெரிசலோடு குழம்பும் என்பீர்கள். முன்னால் ‘மறுபரப்பு’ நிற்கும்வரை குழம்பாது.

அப்புறம், ரிலே நோடுக்கு, அதாவது செய்தியை வாங்கி அடுத்தவருக்குக் கடத்தும் வாகனத்துக்கு, ‘அஞ்சலி’யாம். வேண்டவே வேண்டாம், மரண அறிவித்தல் மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூட அஞ்சலோட்டம் எல்லோருக்கும் தெரியும், நோடுக்குக் ‘கணு’வும் பழகிய சொல். ‘அஞ்சற்கணு’ போதும்.

அஞ்சற்கணுவுக்கு விளக்கம் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். அனுப்பியவரிடமிருந்து தூரத்தில் உள்ள வாகனம் குறைவாகக் காத்திருந்து முதலில் பரப்பும், அதைக் கேட்ட மற்றவை வாயை மூடிக்கொள்ளும் என்பது நெரிசலைத் தவிர்க்கும் வழமையான விதி. நேரான வீதிக்கு அது நல்லது. நம் மலைப்பாதையில் 5.9 கிகாஹேர்ட்ஸ் அலையை மலையே மறைத்துவிடும். கிட்ட இருந்தாலும், வளைவின் முனையில் இரு பக்கமும் தெரிய நிற்கிற வாகனத்துக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். தூரத்தை மட்டும் சொல்லி விளக்கத்தை முடித்துவிடாதீர்கள்.

இரவில் பாதை வெறிச்சோடிக் கிடந்தால் அஞ்சற்கணுவே இருக்காது. அப்போது வாகனம் செய்தியை வைத்துக்கொண்டே போய், எதிரே வருகிறவருக்குக் கொடுக்கும். அதற்குச் ‘சுமந்து சேர்த்தல்’ என்று போடலாமா? வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.