ஆடி மாசம் சும்மா கிடக்கும் கேமரா: ஸ்டாக் வீடியோவுக்கு எதை எடுப்பது?

திண்டுக்கல்_லென்ஸ்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண வேலை இல்லை. வீடியோ கிளிப்பை ஏற்றி விற்கிற தளங்களான ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் இரண்டிலும் அக்கவுன்ட் இருக்கு. ஏற்றி வைத்திருப்பது சூரிய அஸ்தமனம், ரோஜா மேல் மழைத்துளி, மேகம் ஓடுற டைம்லாப்ஸ். ஒன்றும் போகவில்லை. கையில் சோனி ஏ6400, 16, 30 எம்எம் லென்ஸ், ஒரு பழைய மேக்ரோ, டிரைபாட், கிம்பல் (நடந்தபடி எடுத்தாலும் கேமராவை ஆடாமல் பிடிக்கிற கைப்பிடி) இருக்கு. ட்ரோன் இல்லை. மாடலுக்குக் காசு கொடுக்க முடியாது, வீட்டு ஆட்கள் நடிப்பாங்க. எதை எடுக்கணும்னு எப்படி முடிவு பண்றீங்க? 'மனசுக்குப் பிடிச்சதை எடுங்க' என்ற பதில் மட்டும் வேண்டாம்.

கட்டிங்_டேபிள்

வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரு எடிட்டர். அவர் கையில் வாய்ஸ்ஓவர் ரெடி. 'நகரங்களில் நிலத்தடி நீர் கீழே போய்க்கொண்டிருக்கிறது' என்று ஒரு வரி ஓடுது. அதுக்கு மேலே போட நாலு செகண்ட் படம் வேணும். அஸ்தமனத்தை அவர் எங்கே போடுவார்? காலிக் குடங்கள் வரிசை, சொட்டுற அடிபம்பு, லாரியிலிருந்து டிரம்முக்குப் போகிற ஹோஸ், இதைத்தான் தேடுவார்.

அதனால் பேப்பரில் வணிகப் பக்கம், மருத்துவப் பக்கம் இரண்டையும் பென்சிலோடு படிங்க. சிறுதொழில் கடன், முதியோர் தனிமை, கரண்ட் பில், பிள்ளைகளின் கண் பார்வை என்று படமாகக் காட்டக்கூடிய ஒவ்வொரு வரியையும் அடிக்கோடு போடுங்க. பிறகு அதே விஷயத்தை ஆங்கிலத்தில் தளத்தில் தேடுங்க. எத்தனை ஆயிரம் கிளிப் வருதுன்னு பார்த்து பயப்பட வேண்டாம், முதல் பக்கத்தை மட்டும் பாருங்க. அங்கே வருகிற சமையலறை, மருந்து மாத்திரை, முகம் எல்லாம் வெளிநாட்டுடையது என்றால் உங்களுக்கு இடம் இருக்கு. 'இண்டியன்', 'சவுத் இண்டியன்' சேர்த்துத் தேடியும் நாலைந்து பேருடைய கிளிப்பே திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் நல்லது. மேகம், ரோஜா மாதிரி பொதுவான படத்தை இப்போது ஏஐ செய்து தந்துவிடும். நம்ம ஊர் ஸ்விட்ச் போர்டை அது இன்னும் சரியாகப் போடுவதில்லை.

உதாரணத்துக்கு வீட்டில் சர்க்கரை பார்ப்பது. அப்பாவோ அத்தையோ உட்கார்ந்தால் போதும். டேபிளை ஜன்னல் பக்கம் போட்டு, மேலே இருக்கிற டியூப்லைட்டை அணைத்துவிடுங்க. ஸ்ட்ரிப்பை மீட்டரில் சொருகுவது, லான்செட் (குத்துகிற சின்ன ஊசி) விரலில் படுவது, துளி எழுவது, ஸ்ட்ரிப் அதை உறிஞ்சுவது, எண் வருவது, அதைப் பார்க்கும் முகம், பஞ்சால் விரலைத் துடைப்பது. இவ்வளவும் தனித்தனி கிளிப். துளி எழும் ஷாட்டில் ஆட்டோஃபோகஸ் விரல் ரேகைக்கும் துளிக்கும் நடுவில் தாவும். மேனுவலில் வைத்து, அவர் முழங்கையையும் மணிக்கட்டையும் டேபிளில் ஊன்றச் சொல்லுங்க. லென்ஸை எஃப்/5.6-ஐவிட அகலமாகத் திறக்க வேண்டாம், துளி ஒன்றைத் தவிர எல்லாம் கரைந்து போகும். எண் தெரிகிற ஷாட், தெரியாத ஷாட் இரண்டும் வேணும். எண் அதிகமாக இருந்தால் நல்ல செய்திப் படத்துக்கு ஆகாது, குறைவாக இருந்தால் எச்சரிக்கைப் படத்துக்கு ஆகாது. மீட்டரில் பிராண்ட் பெயர் இருக்கும், அதன் மேல் அதே நிற மேட் ஸ்டிக்கர் ஒட்டிடுங்க.

ஒவ்வொரு கிளிப்பும் 10–20 செகண்ட். இரண்டு தளமும் 5 முதல் 60 செகண்ட் வரை எடுத்துக்கும். கேமரா நகர்ந்தால், நகர்வதற்கு முன்னும் பின்னும் இரண்டு செகண்ட் நிற்கட்டும்.

உப்புக்காத்து

வீட்டுக்குள் எடுப்பது சரி. ஆனால் ஆடியில் வெளியே கிடைப்பது வேறு மாதத்தில் கிடைக்காது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் தென்மேற்குக் காற்றில் காற்றாலை முழு வேகத்தில் சுற்றும். ஐப்பசியில் போனால் பாதி நின்றிருக்கும். அங்கே கிம்பலை வீட்டிலேயே வைத்துட்டு டிரைபாடைக் கொண்டு போங்க. நடுத்தண்டை உயர்த்தாமல், அடியில் பையைத் தொங்கவிடுங்க. பை தரையைத் தொடணும், இல்லைன்னா அதுவே ஊசலாடி ஷாட்டை ஆட்டிடும். டர்பைன் தலையில் கம்பெனி பெயர் இருந்தால் பின்னாலிருந்தோ எதிர்வெளிச்சத்திலோ எடுங்க.

தூத்துக்குடி உப்பளமும் இதே சமயம் ஓடும், வடகிழக்கு மழை வந்தால் முடிஞ்சது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50, எஃப்/4 வேணும்னா என்டி32 (லென்ஸுக்கு முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கிற ஃபில்டர்) தேவை. உப்பு வெள்ளைக்கு என்டி64 வைத்துக்கொள்வது நல்லது. கேமராவின் ஒளி மீட்டரை நம்பினால் உப்பு சாம்பல் நிறத்தில் வரும். ஜீப்ராவை (வெளிச்சம் மிகுந்த இடத்தில் திரையில் கோடு காட்டுகிற வசதி) 95-இல் வைத்து, குவியலின் உச்சியில் மட்டும் கோடு தெரியும்வரை திறங்க. திரும்பியதும் டிரைபாட் கால்களை நல்ல தண்ணியில் நனைத்த துணியால் துடைங்க. உரிமையாளரிடம் பிராப்பர்டி ரிலீஸில் (இடத்தைப் படமெடுத்து விற்க அவர் தரும் சம்மதக் கடிதம்) கையெழுத்து வாங்குவதை எடுப்பதற்கு முன்னாடியே முடிச்சிடுங்க, பிறகு போனை எடுக்க மாட்டார்.

இன்னொன்று: பண்டிகைப் படம் பண்டிகைக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாடி தளத்தில் இருக்கணும். விளம்பரக் கம்பெனிகள் தீபாவளி எடிட்டை ஆவணியிலேயே தொடங்கிடும். அதனால் முறுக்குப் பிழிவது, எண்ணெய் நுரைப்பது, அகல் விளக்கு, புதுத்துணி மஞ்சள் தடவுவது எல்லாவற்றையும் ஆடியிலேயே வீட்டில் எடுங்க. முடிந்தவரை செகண்டுக்கு 100 பிரேமில் எடுத்து ஸ்லோமோஷனா ஏற்றுங்க.

கட்டிங்_டேபிள்

கடைசி வரியில் மட்டும் உடன்பாடில்லை. ஏ6400-இல் 100 பிரேம் ஃபுல் ஹெச்டியில்தான் வரும். எண்ணெய் நுரைக்கு அது சரி, மனுஷர் செய்கிற வேலைக்கு 4கே 25பி (செகண்டுக்கு 25 பிரேம்) முதலில். எடிட்டர் வேகத்தைத் தானே குறைச்சுக்குவார், இல்லாத ரெசல்யூஷனைக் கூட்ட முடியாது.

திண்டுக்கல்_லென்ஸ்

நன்றி. டியூப்லைட்டில் எடுத்த சிலது 'ஃப்ளிக்கர்' என்று திரும்பி வந்தது, சிலது 'ஒரே மாதிரி' என்று. ஆடிப்பெருக்குக்கு காவிரிக் கரைக்குப் போனால் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கவா?

ரிலீஸ்_பேப்பர்

ஃப்ளிக்கர்: நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் செகண்டுக்கு 100 தடவை துடிக்கும். மெனுவில் பால் (PAL, 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் வீடியோ முறை) மோடு, 25பி, ஷட்டர் 1/50 அல்லது 1/100. கேமரா என்டிஎஸ்சியில் (60 ஹெர்ட்ஸ் நாடுகளின் முறை) கிடந்து 1/60 வைத்தால் பட்டை ஓடும். மட்டமான எல்இடி சிலது எதற்கும் அடங்காது, பல்பை மாற்றுவதே வழி.

'ஒரே மாதிரி': கோணத்தைக் கொஞ்சம் நகர்த்தினது வேறு கிளிப் ஆகாது. ஷாட்டின் அளவோ (கிட்டத்தில், தூரத்தில்) செயலோ மாறணும்.

எஸ்-லாக்கில் (பிறகு நிறம் சரிசெய்வதற்காக வெளிறிய மாதிரி பதிவாகும் முறை) எடுக்காதீங்க. இது 8 பிட் கேமரா, சுவரிலும் வானத்திலும் நிறம் பட்டை பட்டையா உடையும். சாதாரண புரொஃபைல், லேசான கிரேடு (நிறத் திருத்தம்) போதும். பின்னாடி டிவி பாட்டு ஓடினால் ஆடியோவை முழுசா எடுத்துடுங்க. தறிச் சத்தம், மழைச் சத்தம் சுத்தமா இருந்தால் விட்டுவைங்க.

காவிரிக் கரைக் கூட்டம் எடிட்டோரியல், அதாவது செய்திக்கு மட்டும் பயன்படுகிற வகை. கையெழுத்து வேண்டாம், ஆனால் விளம்பரத்துக்கு விற்காது. ஷட்டர்ஸ்டாக்கில் விளக்கத்தின் தொடக்கத்தில் ஊர், நாடு, தேதி போட்டு, பிறகு என்ன நடக்குதுன்னு எழுதணும். அதில் எதையும் அழிக்கவோ மறைக்கவோ கூடாது. விளம்பரத்துக்கும் போகணும்னா முளைப்பாரி, தாலிக்கயிறு, ஆற்றில் விடுகிற விளக்கு என்று வீட்டுப் பெண்களின் கையை மட்டும் எடுங்க. ரிலீஸ் (படத்தில் இருப்பவர் தரும் சம்மதக் கடிதம்) அப்போதும் வாங்கி வைப்பது நல்லது. கையில் டாட்டூ இருந்தால் கிளிப் திரும்பும். பதினெட்டு வயசுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து, ஆட்களிடம் வாங்குகிற ரிலீஸுக்குத் தனியா ஒரு சாட்சி. கோயிலுக்குள் வேண்டாம்: 2022 டிசம்பர் ஹைகோர்ட் உத்தரவுக்குப் பிறகு செல்போனே உள்ளே போகாது.

கீவேர்டு அடோபியில் 49 வரைதான், முதல் பத்துக்குத்தான் மதிப்பு. 'இந்தியா' என்பதை நாற்பதாவது இடத்தில் போடாதீங்க. டபிள்யூ-8பென் என்கிற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் நம்பர் கொடுத்திருக்கீங்களான்னு பாருங்க, இல்லைன்னா அமெரிக்க விற்பனையில் 30 சதவீதம் பிடிச்சிடுவாங்க. ஒருமுறை போட்டது கையெழுத்திட்ட வருஷத்துக்கு அடுத்த மூணாவது வருஷம் டிசம்பர் 31 வரை செல்லும்.