யாரும் தொடாமலே துள்ளும் டச் ஸ்கிரீன்: நாங்கள் சோதித்துப் பார்த்தவை

என் லேப்டாப் திரையின் வலது ஓரம் யாரும் தொடாமலே வேலை செய்ய ஆரம்பித்தது. கோஸ்ட் டச் என்பார்களே, அதுதான். டைப் செய்துகொண்டிருக்கும்போதே கர்சர் எங்கோ தாவும், திறந்து வைத்த ஃபைல் தானாக மூடிக்கொள்ளும். சர்வீஸ் சென்டரில் பார்த்ததுமே "டிஸ்ப்ளேயை மொத்தமா மாத்தணும்" என்றார்கள். நிறைய மாடல்களில் டச் கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் ஒன்றாக ஒட்டியே வருகின்றன, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. அது சரிதான். ஆனால் கோளாறு கண்ணாடியில்தானா என்று யாரும் சோதிக்கவே இல்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை, திரும்ப வாங்கி வந்துவிட்டேன்.

விண்டோஸில் லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' பகுதிக்குப் போய், 'எச்ஐடி கம்ப்ளையன்ட் டச் ஸ்கிரீன்' என்பதை டிஸேபிள் செய்தேன். துள்ளல் உடனே நின்றது. கீபோர்டும் மவுஸும் வழக்கம்போல ஓடும் என்பதால் அவசர வேலை உள்ளவர்கள் இப்படியே சமாளிக்கலாம். அப்புறம் மறுபடி எனேபிள் செய்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற வேறொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பென்டிரைவிலிருந்து இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் அதே ஓரம், அதே தாவல். விண்டோஸ் டிரைவர், அதாவது திரையை இயக்கும் விண்டோஸ் மென்பொருள் மேல் இருந்த சந்தேகம் அதோடு போயிற்று.

அடுத்து விண்டோஸில் படம் வரைய உதவும் பெயின்ட் புரோகிராமைத் திறந்து விரலால் மெதுவாகக் கோடு இழுத்தேன். திரையை நிமிர்த்தி வைத்தால் கோடு ஒழுங்காக வந்தது. கொஞ்சம் பின்னால் சாய்த்தால் அதே இடத்தில் அறுந்து, புள்ளி புள்ளியாகச் சிதறியது. கண்ணாடி பழுது என்றால் சாய்ப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வேறொரு மெக்கானிக்கிடம் இதைச் செய்து காட்டினேன். பிரித்துப் பார்த்தால், கீல் வழியாகப் போகும் டச் கேபிள் நசுங்கிக் கிடந்தது. கேபிளை மட்டும் மாற்றினார். இப்போது எப்படிச் சாய்த்தாலும் கோடு அறுவதில்லை. உங்களுக்கும் இந்தத் தொல்லை வந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

மேலே இருப்பதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எனக்குச் சார்ஜர் போட்டால் மட்டும் திரை துள்ளும், கழற்றினால் அமைதி. விரல் பட்டதும் மின்தேக்கத்தில், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறனில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தைத்தான் இந்தத் திரைகள் அளக்கின்றன. அதனால் சார்ஜர் வழியாக வரும் மின் இரைச்சலும் விரல் மாதிரியே பதிவாகிவிடும். மாற்றாக வாங்கிய சார்ஜரை ஒதுக்கிவிட்டு லேப்டாப்போடு வந்ததையே போட்டேன், நின்றுவிட்டது.

* * *

எனக்கு வந்தது வேறு தொல்லை. என் லேப்டாப்பில் டச் ஸ்கிரீன் என்ற பெயரே டிவைஸ் மேனேஜரில் இல்லை. ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்ததும் வந்தது. ஆனால் ஸ்லீப்பிலிருந்து எழுப்பும்போதெல்லாம் மறுபடி காணாமல் போனது. மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்த டிவைஸை அணைக்கலாம் என்று பவர் மேனேஜ்மென்ட் டேபில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்த பிறகு மறையவில்லை. டச் ஸ்கிரீன் பெயருக்குள் அந்த டேப் இல்லையென்றால் 'யுஎஸ்பி இன்புட் டிவைஸ்' என்பதற்குள் தேடிப் பாருங்கள், எனக்கு அங்கேதான் இருந்தது.