வைத்துக்கொள்ள வேண்டிய நூலை மின்னூலாக வாங்கலாமா?

நூல்பிடி:
2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கிண்டில் கருவியில் ஏற்றும் வசதியை அமேசான் நிறுத்திவிட்டது. கையில் ஒரு பிரதி வைத்துக்கொள்ள இருந்த சுலபமான வழியும் போச்சு. ஒருமுறை படித்துவிட்டு மறக்கிற நூலுக்கு மின்னூல் போதும். வைத்துக்கொள்ள வேண்டியதை அச்சில் வாங்குங்கள்.

டொராண்டோ தமிழன்:
சென்னையில் உட்கார்ந்து சொல்வது சுலபம் ஐயா. இங்கே ஒரு தமிழ் நாவலை வரவழைத்தால் புத்தக விலையைவிட அஞ்சல் செலவு அதிகம். 2016 கடைசியில் கிண்டிலில் தமிழ் நூல்கள் வந்த பிறகுதான் நினைத்த நேரத்தில் படிக்கிறேன். அம்மாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கியும் கொடுக்க முடிகிறது.

நூல்பிடி:
வசதியை யார் மறுத்தார்கள்? 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், காசு கொடுத்தவர்களின் கிண்டிலிலிருந்தே ஒரு நாவலை அமேசான் அழித்தது. அழித்தது எதை? அரசு பழைய பதிவுகளை அழிப்பதைச் சொல்லும் ஆர்வெலின் ‘1984’! பணம் திரும்ப வந்தது. ஆனால் பாடத்துக்காகக் குறிப்பெழுதி வைத்திருந்த ஒரு மாணவர் வழக்கே போட்டார்.

அரைக்கண்ணாடி:
பழங்கதை. அமேசானின் அப்போதைய தலைவர் பெசோஸே மன்னிப்புக் கேட்டாயிற்று.

நூல்பிடி:
சரி, 2019க்கு வருவோம். மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. வாங்கியிருந்த நூல்கள் எல்லாம் ஜூலையில் போயின. பணத்தோடு, குறிப்பெழுதியவர்களுக்கு 25 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். புத்தகக் கடை மூடினால் என் அலமாரி காலியாகாது.

டொராண்டோ தமிழன்:
கரையான் அரித்தால் யார் பணம் தருவார்? 2015 வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீட்டு அலமாரி ஊறிப்போனது!

வக்கீல் குமாஸ்தா:
சட்டத்தையும் பார்க்கலாமே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 14-இன்படி, புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதியை மறுபடி விற்பதைப் பதிப்பாளர் தடுக்க முடியாது. நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள் ஓடுவது அதனால்தான். மின்னூலில் கிடைப்பது படிக்கும் உரிமம். படித்த மின்னூலை இன்னொருவருக்கு விற்கவும் உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லிவிட்டது.

அரைக்கண்ணாடி:
நல்லதுதான். நடைபாதையில் விற்றால் எழுத்தாளருக்கு ஒரு பைசா வருமா?

பழுப்புத்தாள்:
அச்சா திரையா என்பதா இங்கே பிரச்சினை? நகலெடுக்க முடியாதபடி மின்னூல்மேல் போடுகிற பூட்டுதான். மதுரைத் திட்டம் 1998 முதல் இலவசமாகத் தரும் தமிழ் இலக்கிய மின்கோப்புகளை இறக்கி வைத்தவரிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. காசுக்கு விற்கிற, அறிவியல் புனைகதை வெளியிடும் அமெரிக்க டார் பதிப்பகமும் 2012-இல் பூட்டைக் கழற்றிவிட்டது. நம் பதிப்பாளர்களுக்கு என்ன தயக்கம்?

அரைக்கண்ணாடி:
மறுநாளே டெலிகிராமில் சுற்றும், அதுதான் தயக்கம்.

பழுப்புத்தாள்:
இப்போது சுற்றவில்லையாக்கும்! அச்சு நூலையே ஸ்கேன் செய்து போடுகிறார்கள். பூட்டு தடுப்பது காசு கொடுத்தவரை மட்டும்தான் அண்ணே.

டொராண்டோ தமிழன்:
பூட்டில்லாத ஈபப் (பொதுவான மின்னூல் கோப்பு வடிவம்) விற்கிற தமிழ்ப் பதிப்பகம் இருந்தால் சொல்லுங்கள், அச்சு விலையே கொடுக்கிறேன். அதுவரை எனக்குக் கிண்டில்தான்.