இன்ஜின் கிளம்பும்போது சுரம் ஏறுவது எப்படி?

பாபநாசத்துக்காரன்: வீடு ஸ்டேஷனுக்குப் பின்னாலதான். டீசல் காலத்துல கொல்லைப்பக்க ஜன்னல் கடகடக்கும், அவ்வளவுதான். இப்போ மின்சார இன்ஜின் நகர்றப்ப 'ஊ... ஊஊ'ன்னு படிப்படியா ஏறுது. ஹாரன் இல்ல. தவில்காரர் வீட்டுப் பிள்ளை நான், காது ஏமாத்தாது. என்ன அது?

பதில்: இன்வெர்ட்டர் சார். மேல்கம்பியோட 25,000 வோல்ட்டை இன்ஜின் இறக்கி, டிசி (நேர் மின்சாரம்) ஆக்கும்; அதை இன்வெர்ட்டர் திரும்ப மும்முனை மின்சாரமா வெட்டித் தருது. அந்த வெட்டுலதான் மோட்டார் அதிருது. வேகம் கூடக்கூட வெட்டுற முறை மாறும், சுரம் தாவும்.

இன்னொருவர்: ஆஸ்திரியாவோட டாரஸ் இன்ஜினைக் கேளுங்க. சீமென்ஸ் தயாரிப்பு. சுர வரிசை பாடிக்கிட்டே கிளம்பும்!

பாபநாசத்துக்காரன்: நேத்து ராத்திரி சுருதிப்பெட்டியோட உட்கார்ந்தேன். மூணாவது தாவல் எந்தக் கட்டைக்கும் சேரல. அதுக்குள்ள அப்பா, "ரயிலுக்கு சுருதி சேக்காதடா, படு"ன்னுட்டார்.